மை தொடாத கடல்

மச்சாள்,

நேற்று எங்கள் பழைய பிரிட்ஜ் ஒருவழியாக உயிரை விட்டது. புதியதைக் கொண்டுவந்தவர்கள் பழையதை இழுத்து வெளியே எடுத்தபோது, பின்னால் கிடந்த தூசிக்குள்ளிருந்து ஒரு போஸ்ட்கார்ட் வந்தது. மூலையில் மஞ்சள் கறை. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். வறுத்த மிளகாய்த்தூள் மணம், இத்தனை காலத்துக்குப் பிறகும். உங்கள் கை பட்ட எந்தச் சாமான்தான் கறித்தூள் மணக்காமல் இருந்தது? வந்தவர் கையெழுத்துக் கேட்டுப் பேனையை நீட்டிக்கொண்டு நிற்க, நான் சமையலறை நடுவில் நின்று அழுதேன். பாவம் அந்த மனுசன், பழைய பிரிட்ஜுக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பார்.

உங்கள் ஜப்பான் படம்தான். வெள்ளை உடுப்பு ஒன்று கொடியில் கிடக்க, கீழே எழுதுகோல் பெட்டியும் ஒரு சிப்பியும் இருக்கிற அந்தப் படம். பிரிட்ஜ் கதவில் காந்தத்தை வைத்து ஒட்டியிருந்தீர்கள். ஒருநாள் காணாமல் போனதும் வீட்டையே தலைகீழாக்கினீர்கள். ஒரு கடதாசித் துண்டுக்கு இவ்வளவு அமளியோ என்று நான் கத்தினேன். என் வாய் உங்களுக்குத் தெரியாததா?

இதைக் கண்டதும் உங்களுக்கு எழுத வேண்டும் போல இருந்தது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போன ஞாயிறு உங்கள் புருசனின் தமையன் பெரியத்தான் வீட்டில் ஒன்றைப் பார்த்தேன். உங்களுக்குச் சொல்லாமல் எனக்கு நெஞ்சு ஆறாது. ஆனால் என் வழமைப்படி தொடக்கத்திலிருந்துதான் வருவேன். "நேரை விசயத்துக்கு வாரும்" என்று நீங்கள் சொல்ல இப்போது வழியில்லை.

இந்த நூற்றாண்டு பிறந்த புதிதில்தான் நீங்கள் லண்டன் செவன் கிங்ஸுக்கு, எங்கள் வீட்டுக்கு, வந்து சேர்ந்தீர்கள். உங்கள் தம்பியைக் கட்டிய எனக்கு, அதுவரை நீங்கள் ஒரு கல்யாணப் படத்தில் சிரிக்கிற முகம்தான். அந்தப் படத்தில் பக்கத்தில் நின்றவர், ஊரில் சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போய்த் திரும்பி வராதவர். சைக்கிளும் வரவில்லை, ஆளும் வரவில்லை. நீங்கள் ஏறாத கந்தோர் இல்லை, கொடுக்காத மனு இல்லை, கேட்காத சாத்திரி இல்லை. கடைசியில் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டோடு லண்டனில் வந்து இறங்கினீர்கள். கோயிலில் சில பெண்கள் உங்கள் பொட்டைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் அவர்களைத் திருப்பி ஒரு பார்வை பார்ப்பேன். அதற்குப் பிறகு அவர்கள் சாமியைப் பார்ப்பார்கள்.

உங்கள் அகதி விண்ணப்பத்துக்காக நகரத்துக்குள் ஒரு வழக்கறிஞரிடம் போனோம், நினைவிருக்கிறதா? இளம் வெள்ளைக்காரப் பிள்ளை, நல்லவள். நான்தான் மொழிபெயர்ப்பு. மணமானவரா, விதவையா, பிரிந்து வாழ்கிறவரா என்று அவள் கேட்டாள். நான் கேள்வியைத் தமிழில் சொன்னேன். நீங்கள் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்:

"அவர் வீட்டிலை இல்லை எண்டு சொல்லும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இது என்ன, பால்காரனுக்குச் சொல்கிற பதிலா? இதை எப்படி இங்கிலீசில் சொல்வது? அந்தப் பிள்ளை பேனையைப் பிடித்தபடி காத்திருந்தாள். வேறு வழியில்லாமல் அப்படியே சொன்னேன். அவள் என்ன எழுதினாளோ தெரியாது. வெளியே வந்து மழைக்குள் உங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன்.

அப்படி நடக்கும்போதுதான் உங்களுக்கு அவசரமாகப் பாத்ரூம் தேவைப்பட்டது. அந்தப் பக்கத்தில் காசு கேட்காமல் உள்ளே விடுகிற இடம் மியூசியம் ஒன்றுதான். உண்மையைச் சொன்னால், நாங்கள் ஜப்பானியக் கலையைத் தேடிப் போன விதம் இதுதான். வந்த அலுவல் முடிந்து வெளியே போகும் வழியைத் தேடியபோது வேறு படிக்கட்டில் ஏறிவிட்டோம். மேலே வெளிச்சம் குறைந்த ஓர் அறை. கண்ணாடிக்குப் பின்னால் சின்னச் சின்னப் படங்கள். மரப்பலகையில் செதுக்கி, நிறத்துக்கு ஒரு பலகையாக மாற்றி மாற்றித் தாளில் அச்சிட்டவை. ஒவ்வொன்றிலும் பழைய அரசவைக் காலத்துப் பாட்டோ கதையோ இருந்தது. படத்தின் ஓரத்தில் பாட்டு மேலிருந்து கீழே ஒழுகிக்கொண்டிருந்தது, டொக்டர் அவசரத்தில் எழுதிய மருந்துச் சீட்டுப் போல.

நான் வாசலைத் தேடினேன். நீங்கள் ஒரு படத்துக்கு முன்னால் நின்றுவிட்டீர்கள்.

"மச்சாள், இதிலை ஆளைக் காணேல்லை" என்றீர்கள்.

உண்மைதான். மற்றப் படங்களில் சீமாட்டிகள், பிரபுக்கள், குதிரைகள். இதில் ஓர் ஒழிந்த அறை. கொடியில் வெள்ளை உடுப்பு, எழுதுகோல் பெட்டி, சிப்பி. பக்கத்தில் இருந்த விளக்கக் குறிப்பை எனக்குள் வாசித்தேன். கடல் கடந்து போனவருக்காகக் காத்திருக்கும் ஒருத்தியைப் பற்றிய பழம்பாட்டாம். பாட்டைத் தெரிந்தவர்கள் சாமான்களைப் பார்த்தே ஆளை அறிந்துகொள்வார்களாம். ஆட்களை வரையாமல் அவர்களுடைய பொருட்களை மட்டும் வரைகிற வழக்கத்துக்கு அங்கே ஒரு பெயர் இருக்கிறது. அதன் பொருளை இரண்டு தரம் வாசித்தேன். ஆள் வீட்டில் இல்லாத படம் என்பதுதான் அதன் பொருள்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். நீங்கள் கண்ணாடிக்கு இன்னும் கிட்டப் போனீர்கள். பிறகு, "இதை அந்தப் பிள்ளைக்குக் காட்ட வேணும்" என்றீர்கள். வழக்கறிஞரைத்தான் சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. அன்றைக்குத்தான் நாங்கள் சிநேகிதிகள் ஆனோம் என்று நினைக்கிறேன். அதுவரை நீங்கள் என் புருசனின் அக்கா, அவ்வளவுதான்.

குறிப்பின் மிச்சத்தையும் வாசிக்கச் சொன்னீர்கள். இந்த வகைப் படங்கள் கடையில் விற்றவை அல்லவாம். பாட்டுக் கட்டுகிற நண்பர்கள் கூடித் தங்கள் செலவில் அச்சடித்து, தங்களுக்குள் பகிர்ந்துகொண்டவையாம்.

"எங்கடை கல்வெட்டு மாதிரி" என்றீர்கள் உடனே.

எனக்கு அது தோன்றியிருக்காது. ஆள் செத்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு, படமும் பாட்டுமாக அடித்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கிற நம்முடைய கல்வெட்டுப் புத்தகமும் அப்படித்தானே. விலையில்லை, கடையில்லை, தெரிந்தவர் கைக்கு மட்டும்தான் போகும்.

"ஆனா கடலைப் பற்றின பாட்டெண்டால் கடல் எங்கை?" என்று கேட்டீர்கள். கண்ணாடியில் மூக்கை முட்டித் தேடினேன். இல்லை. மறந்துபோய் விட்டிருப்பார்கள் என்றேன். கீழே கடையில் அந்தப் படத்தின் போஸ்ட்கார்டை வாங்கினீர்கள். ரயிலிலும் அதில் கடலைத்தான் தேடிக்கொண்டு வந்தீர்கள்.

அடுத்த தடவை போனபோது அந்தச் சுவரில் வேறு படம். உங்கள் முகம் போன போக்கு! எனக்கே பயமாகிவிட்டது, வாசலில் நின்றவரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். இவை வெளிச்சம் பட்டால் வெளிறிவிடுமாம், அதனால் கொஞ்சக் காலம் காட்டிவிட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்களாம். பார்க்க விரும்பினால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரலாம், யாரும் வரலாம் என்றார். யாரும் என்றால் நாங்களுமா என்று நீங்கள் என்னைக் கேட்டீர்கள். நாங்களும்தான் என்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போவது போல நாள் எடுத்துக்கொண்டு போனோம். நீங்கள் கூறைப்புடவைக்கு அடுத்தபடியான புடவையைக் கட்டியிருந்தீர்கள். நீண்ட மேசை, பெரிய சன்னல். ஒரு பெண் அட்டையில் பொருத்திய படத்தை இரண்டு கையாலும் தூக்கிவந்து உங்களுக்கு முன்னால் வைத்தாள். ஒரு சாண் அகலம்தான். கண்ணாடி இல்லை. நீங்கள் தும்மிவிடக் கூடாதே என்று சாமியை வேண்டிக்கொண்டேன். உங்கள் சந்தேகத்தை நான் அவளிடம் சொன்னேன், கடல் எங்கே என்று. அவள் சிரித்து, தலையைத் தாழ்த்திச் சன்னல் பக்கமாகச் சரிந்து பார்க்கச் சொன்னாள்.

நீங்கள் மேசை மட்டத்துக்குக் குனிந்து சரிந்தீர்கள். அப்படியே நின்றீர்கள்.

"அம்மாடி" என்றீர்கள், மெதுவாக.

நானும் குனிந்தேன். நேரே பார்க்க வெறும் வெள்ளையாக இருந்த உடுப்பில், தோள் முதல் தொங்கல் வரை அலை அலையாகக் கடல். ஒரு பொட்டு மை இல்லை. அலையைச் செதுக்கிய பலகைக்கு மை பூசாமல், தாளை அதன்மேல் வைத்து அழுத்தித் தேய்த்திருக்கிறார்கள். தாளில் பள்ளமும் மேடும் மட்டும்தான். போஸ்ட்கார்டில் அது விழவே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் நாங்கள் அவ்வளவு நேரம் நின்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டுக் குழைத்துக்கொண்டே, "இருந்தது தானே, மச்சாள்" என்று மட்டும் சொன்னீர்கள்.

பிறகு குரோய்டனில் இருக்கிற குடிவரவுக் கந்தோருக்கு நடையாய் நடந்து, ஒருவழியாக உங்களுக்கு விசா கிடைத்தது. சந்தியில் இருந்த கடையில் வேலை, வெள்ளிக்கிழமை கோயில், என்னோடு சண்டை என்று உங்கள் லண்டன் வாழ்க்கை ஓடியது. அதில் ஒரேயொரு முள். உங்கள் அவரின் தமையன், ரெய்னர்ஸ் லேனில் இருக்கிற பெரியத்தான். ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கு முன்னும் போன் எடுப்பார். தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிற அன்று தம்பிக்கும் சேர்த்து இறைத்துவிடட்டுமா என்று கேட்பார். நீங்கள் ஒவ்வொரு தடவையும் ஒரே மறுமொழிதான் சொல்வீர்கள். "நாளைக்கு அவர் வந்து நிண்டா, என்ன முகத்தோடை சாப்பாடு போடுறது?" அவர் மறுபேச்சுப் பேசாமல் போனை வைத்துவிடுவார். எனக்கு அந்தக் காலத்தில் அவர்மேல் ஒரே எரிச்சல். தம்பியைத் தலைமுழுகுவதற்கு இந்த மனுசனுக்கு என்ன அவசரம் என்று உங்கள் தம்பியிடம் வெடிப்பேன்.

உங்களுக்கு நோய் வருத்தம் வந்தது. அதை நான் எழுதப் போவதில்லை, நீங்களே பட்டதுதான். ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தபோது, கையைப் பிடித்தீர்கள்.

"என்ரை கல்வெட்டிலை அவரின்ரை பேருக்கு முன்னாலை 'காலஞ்சென்ற' எண்டு போட விடாதையும். போட்டா, நான் போற போக்கிலை அவரையும் சாக்காட்டின மாதிரி."

ஓம் என்றேன். வேறு என்ன சொல்வேன்? சும்மா கண்டதையும் யோசிக்காமல் பழத்தைத் தின்னுங்கோ என்று அதட்டினேன். நீங்கள் தின்றீர்கள்.

நீங்கள் போன பிறகு உங்கள் தம்பி மரண அறிவித்தலில் இன்னாரின் சகோதரி என்று மட்டும் சொல்லித் தப்பிவிட்டார். கல்வெட்டில் அப்படித் தப்ப முடியாது. பிறப்பு, வளர்ப்பு, கல்யாணம் எல்லாம் வரும். பளபளக்கிற தாள் வேண்டாம், தடித்த தாளாகப் போடுங்கள் என்று அச்சகத் தம்பியிடம் சொல்லியிருந்தேன். அவர் மாதிரிப் பிரதியைக் கொண்டுவந்து தந்தார். முதல் பக்கத்திலேயே, யாரும் சொல்லாமலே, உங்கள் அவரின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' இருந்தது. அச்சகத் தம்பியைக் குறை சொல்ல முடியாது. புருசன் பெயரைக் கண்டால் கை தன்பாட்டில் அந்தச் சொல்லைப் போட்டுவிடும். நம் ஊர் வழக்கம் அது.

சாப்பாட்டு மேசையில் பெரியத்தானும் உங்கள் தம்பியும் இருந்தார்கள். நீங்கள் கேட்டதைச் சொல்லி, நான் சிவப்புப் பேனையை எடுத்து அந்தச் சொல்லை வெட்டினேன். வெட்டிவிட்டு, சண்டைக்குத் தயாராக நிமிர்ந்தேன். உங்களுக்குத் தந்த வாக்கு இருக்கிறதே, யார் வந்தாலும் விடமாட்டேன் என்றுதான் நின்றேன். பெரியத்தான் சத்தம் போடவில்லை. வெட்டிய சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, அவள் அவன்ரை மனுசி. காத்திருந்தாள், சரி. எனக்கு அவன் தம்பி. தோளிலை தூக்கித் திரிஞ்சனான். ஒருக்காலாவது நான் அழ வேண்டாமோ?"

மச்சாள், நான் சிவப்புப் பேனையைக் கீழே வைத்தேன். இத்தனை ஆடி அமாவாசையும் இந்த மனுசன் கையில் எள்ளையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு, உங்கள் ஒரு சொல்லுக்காகத் தம்பி பெயரைச் சொல்லாமல் திரும்பியிருக்கிறார். அவசரக்காரன் என்று நான் ஏசிய ஆள். உங்கள் தம்பி எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார். அந்த மனுசனுக்கு எந்த இக்கட்டிலும் தெரிந்த ஒரே வழி அதுதான்.

அந்தச் சொல்லைப் போட்டால் உங்களுக்குத் துரோகம். போடாவிட்டால் அவர் அழுகைக்கு வாசலே இல்லை. மறுநாள் வேலைக்குப் போகிற ரயிலிலும் அதே யோசனைதான். அந்த வெள்ளை உடுப்பு நினைவுக்கு வந்தது. மத்தியானம் அச்சகத் தம்பிக்குப் போன் எடுத்தேன். அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கோ, ஆனால் அதன் இடத்தை எடுக்க வேண்டாம், பெயருக்கு முன்னால் அவ்வளவு இடமும் வெறுமையாகக் கிடக்கட்டும் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. ஆட்கள் பிழை என்று தன்னைத்தான் ஏசுவார்கள் என்றார். ஏசினால் என் நம்பரைக் கொடுங்கோ என்றேன்.

அந்தியேட்டியன்று எல்லோர் கையிலும் கல்வெட்டு. நான் பெரியத்தானைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணாடியை மாட்டினார். முதல் பக்கத்தை வாசித்தார். அந்த வெறுமையான இடத்துக்கு வந்ததும் விரலை அதன்மேல் வைத்தார். எடுக்கவே இல்லை. பிறகு என்னிடம் வந்து, "காணும், பிள்ளை, இது போதும்" என்றார். அவ்வளவுதான். பந்தியில் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, முதல் பக்கத்தில் ஓர் அச்சுப்பிழை விட்டிட்டாங்கள், காசைக் குறைச்சுக் குடுங்கோ என்று புத்தி சொன்னார். தலையை ஆட்டினேன்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ரெய்னர்ஸ் லேனில் சாமான் வாங்கப் போன இடத்தில், அப்படியே பெரியத்தானையும் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். அவர் தேத்தண்ணி போட உள்ளே போனார். சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், சன்னலோரமாக உங்கள் கல்வெட்டு இருந்தது. சும்மா எடுத்து விரித்தேன். முதல் பக்கம் கொஞ்சம் அழுக்காக இருந்தது. அந்த வெறும் இடத்தில் அழிறப்பர் தேய்த்த தடம். என்ன தோன்றியதோ, புத்தகத்தைச் சன்னல் வெளிச்சத்துக்குச் சரித்தேன்.

அந்தச் சொல் இருந்தது, மச்சாள். பென்சிலால் அழுத்தி எழுதி, பிறகு அழித்திருக்கிறார். கரி போய்விட்டது. தடித்த தாளில் பள்ளம் போகவில்லை. ஒவ்வோர் எழுத்தும் கிடந்தது.

அவர் இரண்டு கோப்பையோடு வாசலில் நின்றார். நான் ஒளிக்கவில்லை.

"ஒருநாள் எழுதினன்" என்றார். "எழுதிப்போட்டு நல்லா அழுதனான். அது காணும் எண்டு அழிச்சுப்போட்டன். அவள் கேட்டதெல்லே."

தேத்தண்ணி குடித்தோம். சீனி கூடிப்போயிருந்தது. மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமென்று இருந்தேன். நீங்கள் கேட்டதும் நடந்தது, அவரும் அழுதுவிட்டார். இனி ஆடி அமாவாசைக்கு அவர் போன் எடுக்கமாட்டார் என்று நினைக்கிறேன். எடுத்தாலும் நான் எரிந்து விழமாட்டேன்.

போஸ்ட்கார்டின் தூசியைத் துடைத்துப் புதிய பிரிட்ஜ் கதவில் வைத்திருக்கிறேன். கறையைத் துடைக்கவில்லை. இன்று காலை அதற்கு முன்னால் நின்று இடியப்ப மா குழைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. கண்ணாடிக் கடைப் பிள்ளை. உங்கள் பெயரைத் தட்டுத்தடுமாறி வாசித்து, கண் பரிசோதனைக்கு நாள் வந்துவிட்டது, அவரோடு பேசலாமா என்று கேட்டாள். இப்படிக் கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். முன்பு பாங்குக்கும் கவுன்சிலுக்கும் சொல்லியிருக்கிறேன். இன்று வாய் வேறு ஒன்றைச் சொன்னது. அந்தப் பிள்ளைக்கு விளங்கும் இங்கிலீசில், கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னேன்.

அவ வீட்டிலை இல்லை.